வாட்ச்மேன் குடைக்குள் என் தேனீக்கள்

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் தருமபுரி டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். மொட்டை மாடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். "யாரையாச்சும் கொட்டினா யாருங்க பொறுப்பு?" என்று வீட்டுக்காரர் தினமும் முணுமுணுப்பார். எனக்கோ அந்தப் பெட்டிதான் உயிர்.

ஒரு பங்குனி மாதம், காலை பத்து மணி இருக்கும். பெட்டியிலிருந்த தேனீக்கள் மொத்தமும் கிளம்பிவிட்டன. சத்தம் கேட்டால் பக்கத்திலேயே எங்காவது இறங்கும் என்று ஒரு தட்டைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். பூட்டிக் கிடந்த நூல் மில்லுக்குள் போய், சங்கு ஊதும் கம்பத்தில் கொத்தாகத் தொங்கின. அங்கிருந்த வாட்ச்மேனுக்கு என் வயதுதான் இருக்கும். கேட்டைத் திறந்துவிட்டு, ஏணியும் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.

எனக்கு அவசரம் அதிகம், வாய் அதைவிட அதிகம். "ஆட்டாம புடிய்யா!" என்று அவரை விரட்டியபடியே தேனீக்களைத் துணிப்பைக்குள் வழித்துப் போட்டேன்.

"கீழ ஒரு கைப்புடி ஈ விழுந்துடுச்சுங்க. அதுல ஒண்ணு நீளமா இருக்குது, பாத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ கேட்டைப் பாரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் கொட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தனையும் மறுபடி மில் பக்கமே பறந்தன. அப்போதுதான் உறைத்தது. நீளமாக இருந்தது ராணித் தேனீ! அது இல்லாத இடத்தில் மற்றவை தங்காது. அதை எறும்போ ஓணானோ தின்றிருந்தால் என் கூட்டமே போச்சு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டையைப் பிளக்கும் வெயில். வாட்ச்மேன் தன் குடையைத் தரையில் விரித்து வைத்து, எறும்பு அண்டாமல் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் நின்றிருந்தார். குடைக்குள்ளே என் தேனீக்கள் பூராவும்!

"நீளமானத மூடி வச்சேங்க. மத்ததுங்க தானா வந்துடுச்சுங்க."

"தப்பாப் பேசிட்டேங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"விடுங்கம்மா. ஏணி ஆடுனது நெசந்தானே!"

குடையைப் பெட்டி வாசலில் மெல்லத் தட்டினோம். ராணி உள்ளே நுழைய, மற்றவையும் பின்னாலேயே நடந்தன. "எங்க மில்லுல காலை ஷிப்டு இப்படித்தாங்க உள்ள போவும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிறகு எத்தனையோ கூட்டங்களைப் பிடித்துவிட்டேன். ஆனாலும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தலைதூக்கும்போதெல்லாம், என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, என் ராணிக்குக் குடையையும் கொடுத்துவிட்டு வெயிலில் நின்ற அந்த மனிதரை நினைத்து இன்றும் வாயை மூடிக்கொள்கிறேன்.