பத்து நிமிஷம் வாயை மூடும் வேலை

மாத்திரை கொடுப்பது ஒரு நொடி வேலை. அது கரைகிறவரை எதிராளியின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். வீட்டில் யாருக்காவது கஷாயம் ஊற்றிவிட்டு, “முழுங்கிட்டியா? ஆ காட்டு” என்று கெஞ்சியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. நான் நர்சிங் உதவியாளர் படிப்பு படிக்கிறேன், வயசு பத்தொன்பது. தினமும் காலையில் டாக்டரம்மாவோடு ஒரு கிளைச் சிறைக்குப் போய் வருகிறேன். கைதியாக இல்லை, பயப்படாதீர்கள்.

பொம்மிடி எக்ஸ்பிரஸ்

வலி மாத்திரையை அளவில்லாமல் போட்டுப் பழகி, அதனாலேயே வழக்கும் வாங்கி உள்ளே வந்தவர்கள் எட்டுப் பேர். திடீரென்று நிறுத்தினால் கை கால் நடுங்கும், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும், தூக்கம் போயே போய்விடும். அதற்கு வைத்தியமாக ஒரு மாற்று மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்து, பத்து நிமிஷம் கரைய விட வேண்டும். முழுங்கக் கூடாது, பேசக் கூடாது, இரண்டு கையும் முட்டி மேலேயே இருக்க வேண்டும். எட்டுப் பேரும் பெஞ்சில், குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருப்பார்கள்.

நானோ பிறந்ததிலிருந்து பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சும்மா இருந்ததில்லை. கேட்ட குரலெல்லாம் என் தொண்டையில் குடியிருக்கும். மூன்றாம் நாளே பொம்மிடி ஸ்டேஷன் அறிவிப்பை மூக்காலேயே எடுத்துவிட்டேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு…” பெஞ்சு முழுக்கத் தோள் குலுங்கியது; வாய் மட்டும் திறக்கவில்லை. மாத்திரை கரைந்து முடிந்ததும் மாதேஷ் என்பவர் கையைத் தூக்கினார். பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். இடுப்பு வலிக்கென்று மாத்திரை போட ஆரம்பித்து மாட்டிக்கொண்டவர். கேட்டார் பாருங்கள்: “சிஸ்டர், ட்ரெயினு போயிடுச்சுங்களா? இப்ப நாங்க சிரிக்கலாங்களா?”

டார்ச் வெளிச்சத்தில்

கரைந்துவிட்டதா என்று பார்ப்பது வார்டர் பெரியண்ணன் பொறுப்பு. யாராவது மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்விட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. அதனால் டார்ச்சை அடித்து, “ஆ! நாக்கைத் தூக்கு! இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!” என்று கிணற்றில் விழுந்த சொம்பைத் தேடுகிற மாதிரி தேடுவார்.

அப்படித் தேடித் தேடி, எட்டு வாயும் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் மாதேஷ் வாயில் வெகுநேரம் டார்ச் நின்றது. மாத்திரையை ஒதுக்கி மாட்டிக்கொண்டாரோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். பெரியண்ணன் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்: “மேடம், மாத்திரை கரைஞ்சிடுச்சுங்க, ஆனா கூடவே கடவாய்ப் பல்லும் கரைஞ்சிட்டு இருக்குதுங்க. ஒரு பல் டாக்டரைக் கூட்டியாந்தா புண்ணியமாப் போவும்!”

மாரண்டஹள்ளியிலிருந்து லட்சுமி

மாதேஷின் மனைவி லட்சுமி, மனு எழுதிக் கொடுத்து அவரைப் பார்க்க பஸ் ஏறி வருவார். உள்ளே வந்த முதல் வாரத்தில், பேசும்போது பிடித்துக்கொள்கிற கம்பியில்கூட மாதேஷின் கை நிற்கவில்லையாம். இப்போது ஒரு வாய் சோறு சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஆனால் இந்த மாத்திரை ஏற்பாடு ஒரு மாதச் சோதனைதான். “ஒரு மாத்திரை தப்பினாலும் மொத்தமும் நிறுத்தம்” என்று ஜெயிலர் சொல்லியிருந்தார். லட்சுமிக்கு அதே கவலை. “நிறுத்திட மாட்டாங்களே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தைரியம் சொல்ல நினைத்தேன். கண்ணாடியை மேலே தள்ளுகிற பாவனையோடு டாக்டரம்மா குரலிலேயே ஆரம்பித்தேன்: “இதோ பாருங்கம்மா, வெளியில இருக்கிறவருக்கு என்ன வைத்தியமோ, உள்ள இருக்கிறவருக்கும் அதேதான். இது சலுகை இல்லை, உரிமை!” லட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நல்ல விசயந்தானுங்க சிஸ்டர். ஆனா அதை டாக்டரம்மாவையே சொல்லச் சொல்லுங்க. நீங்க சொன்னா சிரிப்பு வருதுங்க.”

பறந்த மாத்திரை

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மாதம் முடிய நாலே நாள். பெஞ்சில் எட்டுப் பேர், நாக்கடியில் எட்டு மாத்திரை. எனக்கு நாக்கு அரித்தது. ஜெயிலர் காலையில் ஆள் எண்ணும்போது போடுகிற சத்தத்தை எடுத்துவிட்டேன்: “வரிசை! வரிசைன்னா என்னான்னு தெரியுமா? எறும்புக்குத் தெரியுது, உனக்குத் தெரியல!”

மாதேஷ் வெடித்தார். மாத்திரை பறந்தது. பறந்து பெரியண்ணன் சட்டைப் பித்தானில் போய் ஒட்டிக்கொண்டது. வாயை விட்டு மாத்திரை வெளியே வந்தால் அதற்குப் பெயர் கடத்தல், விதி அப்படி. மத்தியானத்துக்குள் சேதி வந்துவிட்டது: நாளையிலிருந்து எட்டுப் பேருக்கும் நிறுத்தம். மாதேஷ் முகம் வெளுத்துப்போய், “ஒதுக்கலீங்க, சிரிச்சிட்டேனுங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். “நீங்களும் பார்த்தீங்கல்ல?” என்று வார்டரிடம் ஓடினேன், முதல்முறையாகச் சொந்தக் குரலில். பெரியண்ணன் தலையைச் சொறிந்தார்: “நானும் பார்த்தேன் பாப்பா, சிரிப்புதான். ஆனா சிரிப்புன்னு எழுதறதுக்கு ரிப்போர்ட்டுல கட்டமே இல்லியே!”

ஜெயிலர் முன்னால் ஜெயிலர்

டாக்டரம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். மேசையில் நிறுத்த உத்தரவு, கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஜெயிலர் கையில் டீ.

“ஐயா, தப்பு என்னுதுங்க. நான்தான் உங்க மாதிரி பேசினேன்.”

“என் மாதிரியா? எங்க, பேசு.”

மாதேஷின் கை அந்தக் கம்பியில் நிற்காமல் ஆடுவதை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி முழுசாகப் பேசினேன். வரிசை, எறும்பு, நடுவில் வருகிற செருமல், ஒன்றும் விடவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தால், ஜெயிலர் மூக்கு வழியாக டீ வந்துகொண்டிருக்கிறது. உத்தரவு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்: “உங்களுக்கே டீ நிக்கலீங்களே சார், அந்த மனுசனுக்கு மாத்திரை எப்படி நிக்கும்?”

ஜெயிலர் அந்தத் தாளைப் பிழிந்து கூடையில் போட்டார். எட்டுப் பேருக்கும் மாத்திரை தொடரும், மாதம் முடிந்த பிறகும். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “அவங்க வாயில மாத்திரை வெக்கிறப்பவே, இந்தப் பொண்ணு வாயில ஒரு பெப்பர்மின்ட்டை வெச்சிடுங்க. கரையுற வரைக்கும் வாயே தெறக்கக் கூடாது!”

ஆக, அந்தச் சிறையில் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யக்கூட வாயைத் திறக்க முடியாத ஒரே ஆள் நான்தான்.