பிரித்துப் பார்க்கும் பென்கா

பூட்ஸுக்குள் மூக்கை விட்டிருக்கிறார் பென்கா அக்கா. இடது கால் முடிந்துவிட்டது, இப்போது வலது. பூட்ஸை வரவழைத்த அசென் வாத்தியார் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல ஓரமாக நிற்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் நான். எப்படியும் மறுபடி கட்டத்தான் போகிறோம் என்று ஒட்டு நாடாவை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

“புதுசுன்னு போட்டிருக்கான். இதுக்குள்ள ஒருத்தன் ஒரு குளிர்காலம் பூரா குடித்தனம் நடத்தியிருக்கான்,” என்கிறார் பென்கா, மூக்கை வெளியே எடுத்து. “திருப்பி அனுப்பு.”

வாத்தியார் தன் காலில் இருக்கும் வாய் பிளந்த பூட்ஸைப் பார்க்கிறார். பென்கா தீர்ப்புச் சொன்ன பிறகு எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

காப்ரோவோவில் சந்தைக்கு எதிரே இருக்கும் கூரியர் ஆபீசில் பதினோரு வருஷமாக நான் குப்பை கொட்டுகிறேன். இணையத்தில் வாங்கிய சாமானை இங்கே வந்து பிரித்துப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம், பிளக்கில் செருகிப் பார்க்கலாம். பிடித்தால் காசு, பிடிக்காவிட்டால் பெட்டி வந்த வழியே போகும். பதினைந்து நிமிஷம் அவகாசம். நாடு முழுக்க இதே விதிதான். மற்ற ஊர்களில் ஜனங்கள் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காப்ரோவோக்காரன் சூடு வெளியே போகாமல் கதவைச் சீக்கிரம் சாத்துவதற்காகப் பூனையின் வாலையே நறுக்கியவன் என்று வெளியூரில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பூனை பென்காவின் கையில் கிடைத்திருந்தால், வால் குறைகிறது என்று விற்றவனுக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

வயது அறுபத்தொன்று, எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல். எங்கள் எட்டு மாடிக் கட்டடத்துக்கு நிர்வாகி. எதிர்த்து நிற்க யாருக்கும் தைரியம் இல்லாததால் ஜெயித்தவர். நானும் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி என்பதால் ஆபீசிலும் அவர்தான், வீட்டுக்குப் போனால் அறிவிப்புப் பலகையிலும் அவர்தான். யாருக்குப் பார்சல் வந்தாலும் கூடவே வந்துவிடுவார். தோளில் ஒரு துணிப்பை. அதில் காந்தம், அளவு நாடா, ஒரு பல்பு, ஒரு மரக்கட்டை. மரக்கட்டை துளைபோடும் மிஷினைச் சோதிக்க. கட்டை வருவதற்கு முன்னால் அந்தச் சோதனை என் மேசையில் நடந்தது, துளை இன்னும் அப்படியே இருக்கிறது. முட்டை அடிக்கும் மிஷின் வந்த அன்று வீட்டிலிருந்து நாலு முட்டையும் கிண்ணமும் கொண்டுவந்து இங்கேயே அடித்துப் பார்த்தார். “சத்தம் ஜாஸ்தி, வேலை கம்மி. இந்த மாதிரி ஒண்ணு ஏற்கெனவே வீட்ல சோபாவுல உக்காந்திருக்கு,” என்றார். மிஷின் திரும்பிப் போனது. முட்டை ஆம்லெட்டாகப் போனது.

இதற்கெல்லாம் யாரிடமும் சல்லிக்காசு வாங்கமாட்டார். என் காபி மிஷினில் ஒரு காபி குடிப்பார், அதையும் தண்ணீராக இருக்கிறது என்பார்.

இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சொல்வார். ஏதோ வெளிநாட்டுத் தளம். ‘வாங்குவோருக்கு முழுப் பாதுகாப்பு, பணம் திரும்ப உத்தரவாதம்’ என்று பச்சை நிறத்தில் ஒரு கேடயம் வரைந்திருந்தார்களாம். கேடயத்தை நம்பி முன்பணம் கட்டினார். பெட்டி வரவே இல்லை. புகார் செய்தார். வருந்துகிறோம், பொருளை நான்கு கோணத்தில் படமெடுத்து அனுப்பவும் என்று தானாகப் பதில் போடும் மிஷின் ஒன்று எழுதியது. பொருளே வரவில்லை என்று எழுதினார். மிகவும் வருந்துகிறோம், அப்படியானால் வராத பொருளின் படத்தை அனுப்பவும் என்று வந்தது. பென்கா சாப்பாட்டு மேசையைச் சுத்தமாகத் துடைத்து, வெறும் மேசையை நான்கு கோணத்தில் படமெடுத்து அனுப்பினார். படத்தில் பொருள் தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள்.

“நாப்பது நாள் என்கிட்ட வருத்தப்பட்டுச்சுடா அந்த மிஷின்,” என்பார். “எங்க அம்மா செத்தப்பகூட ஒருத்தனும் இவ்வளவு வருத்தப்படல.”

விற்பவர்களும் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். தொல்லை கொடுத்த ஆளின் போன் நம்பரைப் போட்டு, செய்த அட்டூழியத்தையும் எழுதிவைப்பார்கள். எதையும் அனுப்புவதற்கு முன்னால் அதில் தேடிப் பார்ப்பார்கள். பென்காவின் நம்பருக்கு நேரே பதினெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ‘பெட்டிக்குள் தலையை விட்டு முகர்கிறாள்’ என்று ஒருவன். ‘சுவர்க் கடிகாரத்தை எட்டு நிமிஷம் காதில் வைத்திருந்துவிட்டு, சோகமாக ஓடுகிறது என்று திருப்பினாள்’ என்று ஒருவன். கடைசியாக ஒரு புண்ணியவான் எங்கள் கட்டட முகவரியையே போட்டு, இங்கே யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள் என்று முடித்திருந்தான். பென்கா அதை என்னிடம் பிரிண்ட் எடுத்துத் தரச்சொல்லி, கீழ்த்தளத்துப் பலகையில் ஒட்டிவைத்தார். நான் தூண்டில் நரம்பு வாங்க ஒருவனுக்குப் போன் போட்டபோது, முகவரியைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென்காவுக்கோ பெருமை பிடிபடவில்லை. “நடுங்குறானுங்க பாத்தியா?” என்றார்.

அந்தப் பெருமை பிப்ரவரி வரைக்கும்தான். பிப்ரவரியில் லிஃப்ட் நின்றது.

மற்றவர்களுக்கு அது மூட்டுவலி. ஏழாம் மாடி நெவெனாவுக்கு அது பிழைப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவள், தெருமுனை லாட்டரிச் சீட்டுக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், வாய் அந்தக் கடையைவிடப் பெரியது. முதல் நாள் நானும் அசென் வாத்தியாரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். நாலாம் மாடியில் வாத்தியாருக்கு மூச்சு வாங்கி, கை நழுவி, நெவெனாவின் நெற்றி கைப்பிடிச் சுவரில் இடித்தது. இனி யாராவது தன்னைத் தொட்டால் கடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். திரும்ப மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எங்கள் இரண்டு பேரின் பரம்பரையும் அவள் வாயில் வந்து போயிற்று. அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டோடு. ஒன்றாம் தேதிக்குள் கடைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

லிஃப்ட் மெக்கானிக் ரூசி திறந்து பார்த்துவிட்டு, லிஃப்டை இயக்கும் மின்னணு போர்டு கருகிவிட்டது, இந்த மாதிரி போர்டு இப்போது யாரும் செய்வதில்லை என்று கையை விரித்தார். தேடிப் பார்த்ததில் ப்ளெவென் ஊரில் ஒருவன் அகப்பட்டான். கிரும் என்று பேர். இடிக்கப்போகும் கட்டடங்களில் லிஃப்டைக் கழற்றிப் பாகம் பாகமாக இணையத்தில் விற்பவன். நாட்டிலேயே ஒரே ஒரு போர்டு, அது அவனிடம்.

என் நம்பரிலிருந்து போட்டேன். முகவரியைக் கேட்டான், வைத்துவிட்டான். வாத்தியார் போட்டார், அதே கதை. கடைசியில் பென்கா என் மேசையிலேயே போனை வைத்து, ஒலியைக் கூட்டி, நேரடியாகத் தன் பெயரையே சொல்லிவிட்டார்.

“பென்காவா? காப்ரோவோ பென்காவா?” மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “என் காலிங்பெல்லு தயங்கித் தயங்கி அடிக்குதுன்னு எழுதித் திருப்பி அனுப்பினது நீங்கதானே?”

“தயங்கித்தானப்பா அடிச்சுது.”

“அம்மா, போர்டு வேணும்னா காசை முதல்ல அனுப்புங்க. பிரிச்சுப் பாக்குறது, சோதிக்கிறது, திருப்பி அனுப்புறது எதுவும் கிடையாது. கழட்டும்போது வேலை செஞ்சுது. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.”

வேறு நாளாக இருந்தால் கிருமின் வம்சமே நாறிப்போயிருக்கும். பென்கா சுவரைப் பார்த்தார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவன் இரண்டு முறை ஹலோ சொன்னான்.

“சரி, அனுப்பு,” என்றார் பென்கா. “பாத்துக் கட்டுப்பா.”

போனை வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. “பயமா இருக்குடா மிலென்,” என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. “அது செத்துப்போன போர்டா வந்தா நெவெனா மூஞ்சில எப்படி முழிப்பேன்? இவனுங்களையெல்லாம் விரட்டிவிட்டது நான்தானே.” ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. தூண்டில் நரம்பு ஞாபகம் வேறு வந்தது. ஆனால் அவர் இருந்த இருப்பைப் பார்த்து, எழுந்துபோய் அவருக்கு ஒரு காபி போட்டேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. விதி என்னவானாலும் கத்தரிக்கோல் இங்கே இருக்கிறது, நான் பின்பக்கம் போய்க் காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சாடையாகச் சொன்னேன். பிரிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான் என்றார். பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் பனி உறைந்த இடமெல்லாம் காலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் ஆபீசைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ரூசி மொட்டைமாடி அறையில் அரை நாள் உட்கார்ந்து போர்டை மாட்டினார். நாங்கள் ஏழாம் மாடியில் கூடி நின்றோம். நெவெனா கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, கடைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு எதிரே தயாராக இருந்தாள். நாளைக்கு ஒன்றாம் தேதி. திடீரென்று கம்பிகள் முனகின, எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன, காலி லிஃப்ட் எங்கள் முன்னால் வந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. ரூசி மேலேயிருந்து போனில், காலியாக ஓடுகிறது, ஆள் ஏறினால் எப்படி என்று யாராவது ஏறினால்தான் தெரியும் என்றார். அசென் வாத்தியாருக்கு அடுப்பில் வைத்த பீன்ஸ் சூப் ஞாபகம் வந்துவிட்டது. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன், அது கட்டித்தான் இருந்தது.

“நானே போறேன்,” என்றாள் நெவெனா. “விழுந்தா மட்டும் எனக்குப் புதுசா எது உடையப்போகுது?”

சக்கரம் உருண்டது. பென்கா அதற்கு முன்னால் காலைக் குறுக்கே வைத்தார்.

“நீ இரு. திருப்பி அனுப்ப முடியாத சாமான் இது. முதல்ல நான்.”

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஆறு, ஐந்து, நாலு. நாலில் நின்றது. சத்தமே இல்லை. நெவெனாகூடத் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். அப்புறம் கீழேயிருந்து ஒரு ‘தொம்’. இன்னொரு ‘தொம்’. சுவரே அதிர்ந்தது. உள்ளே யார் நாட்டியம் ஆடுவது என்று ரூசி போனில் அலறினார். பென்கா குதித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, தொண்ணூறு கிலோவையும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, கீழ்வரைக்கும் போய், அதே மாதிரி மேல்வரைக்கும் வந்தார்.

கதவு திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. முடி பிரிந்து தோளில் கிடந்தது. “மூணாவதுல லேசா உதறுது,” என்றார், மூச்சு வாங்க. “ஆனா போகும்.” நெவெனாவின் நாற்காலியைப் பின்பக்கமாகப் பிடித்துத் தானே உள்ளே தள்ளினார். நாற்காலி போனால் லிஃப்டில் வேறு ஒரு ஆளுக்கு இடமில்லை, வெளியே வந்துதான் ஆகவேண்டும். வந்தார். கதவு மூடியது.

மூடிய கதவின் மேல் பென்கா உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. “கையை எடுங்கக்கா, அவ போயிட்டா,” என்றேன். காதில் விழவில்லை. ஐந்து, நாலு. மூன்றில் விளக்கு கண் சிமிட்டியபோது விரல் நுனிகள் வெளுத்தன. இரண்டு, ஒன்று. கீழே கதவு திறந்து, நாற்காலி வெளியே உருண்டு, நெவெனா இந்தக் கட்டடத்தையும் எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டிய திட்டு ஏழு மாடிப் படியேறி வந்து சேரும்வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.