எழுந்து நின்று கேட்ட சிம்ஃபனி

டெக்சஸில் எங்கள் ஊரான பிளானோவின் தமிழர்களை ஒரு சிம்ஃபனியின் மெதுவான பகுதியையாவது கடைசிவரை உட்கார்ந்து கேட்க வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யாரும் கேட்டுக்கொள்ளாத சேவை. இந்த வருடப் பொங்கல் விழாவில், குழந்தைகளின் கோலாட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, எனக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினார்கள்.

“லஞ்ச் லேட் ஆனா என்னைத்தான் திட்டுவாங்க, அங்கிள்,” என்று எச்சரித்தார் கலைநிகழ்ச்சிப் பொறுப்பாளர். என்னைவிட இரண்டே வயது இளையவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் சமயத்து சிம்ஃபனிக்காரர்கள் லேசில் அழமாட்டார்கள். வயலின்கள் பெருமூச்சு விடும், செல்லோக்கள் தேற்றும், கொம்புகள் தொலைவில் ஒரு மலையைக் காட்டும். நமக்கு அழுகை வருகிற நேரம் பார்த்து எல்லாம் அடங்கி, மறுபடி முதல் பெருமூச்சு. இதையெல்லாம் மைக்கில் விளக்கினேன். மைக்கைத் தள்ளிப் பிடித்திருந்ததால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டதாம். பிறகு இசையைப் போட்டேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். அவர் மனைவி எழுந்தார். அந்த வரிசை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரங்கம் முழுக்கத் தலைகுனிந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எதிர்பார்த்தது உட்காருவதை மட்டும்தான்.

அப்புறம்தான் மூன்றாவது வரிசையில் கிசுகிசுப்பு கேட்டது. யார் போயிட்டாங்க? ஆளாளுக்குப் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். தலைவர் யாராவது இறந்தால் நாள் முழுக்க ரேடியோவில் சோக வாத்தியம் கேட்டு வளர்ந்த தலைமுறை, பழக்கம் விடுமா?

பொறுப்பாளர் மைக்கைப் பிடுங்கினார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் உட்காருங்க, ப்ளீஸ்.”

சிம்ஃபனியை நிறுத்திவிட்டு, ஒப்பிட்டுச் சிரிப்பதற்காகக் கொண்டுபோயிருந்த கன்ட்ரி பாட்டை, அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டை, போட்டேன். சுமார் நூறு வருடத்துக்கு முந்தைய பதிவு. இசைத்தட்டு கம்பெனிகள் ஊர் ஊராகப் போய், காலி அறையில் எதிரொலி அடங்கப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மில்காரர்களையும் ரயில்வேக்காரர்களையும் கூப்பிட்டுப் பாடவைத்த காலம். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் தாங்கும். அதற்குள் காதலி பிரிந்து, பாடுகிறவன் ஜெயிலுக்குப் போய், அம்மாவும் செத்தாக வேண்டும். எண்ணெய்ச் சட்டி மாதிரி இரைச்சல். நடுவே ஒருத்தர் மூக்கால் பாடி, குரலைச் சட்டென்று உச்சிக்கு உடைத்தார்.

ஒருவர்கூட அசையவில்லை. முடிந்ததும், சிம்ஃபனிக்கு முதலில் எழுந்து நின்ற அதே பெரியவர், “ஒன்ஸ் மோர்” என்றார். மறுபடி போட்டேன். சாம்பார் ஆறுவதைப் பொறுப்பாளரே மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில், டோல்வே நெடுஞ்சாலையில், ஜனங்களின் ரசனை பற்றி நான் ஆற்றிய உரையை என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அந்தக் கன்ட்ரிக்காரன் அழுதுட்டுப் போயிட்டான். உங்க சிம்ஃபனி ஆளு அழறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டே இருக்கான்.”

அபாண்டம். நிரூபிக்கிறேன் என்று காரில் அதே சிம்ஃபனிப் பகுதியை முதலிலிருந்து போட்டேன். வீட்டு கராஜுக்குள் நுழைந்தபோதும் ஏற்பாடுதான் நடந்துகொண்டிருந்தது. அவள் பொங்கல் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் இறங்கவில்லை. கடைசிவரை உட்கார்ந்து கேட்க பிளானோவில் ஒருத்தராவது வேண்டாமா?