சின்னச்சாமி அண்ணன் சுமந்த இஞ்சின்

"அண்ணன் மெஷினை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடிட்டுத்தான் உக்காந்தாருங்க. அப்புறம் எந்திரிக்கலீங்க." மலைச்சரிவில் இருக்கும் தேவனூர் நாட்டிலிருந்து பாவாயி போனில் சொன்னபோது, செம்மேட்டில் சின்னச்சாமி அண்ணனும் நானும் சேர்ந்து நடத்திய பட்டறையில் ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதை இன்னும் மாட்டவில்லை.

அண்ணனை அறிந்தவர்களுக்குப் பாவாயி ஊரின் சாமை குத்தும் மெஷினையும் தெரியும். அங்கே லாரி போகாது. கரண்டு உண்டு, மெஷினை இழுக்கும் அளவுக்கு இல்லை. டீசல் இஞ்சினைத் தூக்க நாலு பேர் வேண்டும். அண்ணன் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு ரோட்டரி இஞ்சினைப் பிடித்துவந்தார். ஏதோ ஜெனரேட்டரில் இருந்ததாம். பிஸ்டன் ஏறி இறங்காது. மூன்று மூலை கொண்ட இரும்பு ஒன்று உள்ளே சுழலும்.

"இதெல்லாம் ஓடுமாண்ணே?" என்று சிரித்தேன்.

"ஓடற வரைக்கும் நான் உடறதில்ல சாமி" என்றார். தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, ஒற்றை ஆளாகச் சுமந்து அந்த ஊருக்கு இறங்கினார். அன்று மாலையே சாமை உமி பறந்தது.

மறு வருடம் அண்ணன் காய்ச்சலில் படுத்த வாரம் மெஷினை நான் ஓட்டினேன். இஞ்சின் நின்றுபோனது. மூலைகளில் கசியாமல் அடைக்கும் மெல்லிய இரும்புச் சீல்கள் தேய்ந்துவிட்டன. பெட்ரோலில் ஆயில் கலக்காததுதான் காரணம். ஊர் நோம்பித் திருவிழாவுக்குக் குத்த வேண்டிய சாமை மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"ஏனுங்க, யாரு பண்ண வேலைங்க இது?" என்று பாவாயி கேட்டார்.

"என் தப்புத்தாங்க. ஆயில் கலக்கோணும்னு தம்பிகிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றார், சேதி கேட்டு எழுந்துவந்த அண்ணன். காய்ச்சல் விடாத உடம்போடு, வார்ப்பிரும்புத் துண்டை அரத்தால் ராவி மூன்று சீல்கள் செய்தார். நோம்பிக்கு முந்தின நாள் மெஷின் ஓடியது.

அடக்கம் முடிந்து திரும்புகையில் பாவாயி சொன்னார்: "தங்கமான மனுசனுங்க. அந்த ஒரு தடவைதான் மறந்தாரு." அப்போதும் உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. இரண்டு முறை சொன்னார். "லிட்டருக்கு ரெண்டு மூடி" என்று இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கையிலேயே கொடுத்தார். எனக்குத் தெரியாத இஞ்சினா என்ற திமிரில், அதைப் பட்டறை மேசையில் வீசிவிட்டுப் போனவன் நான்.

இனி இதைப் பார்க்க ஆளில்லை, டீசல் இஞ்சினுக்கு மாறிவிடலாம் என்கிறார்கள் ஊரில். மாற விடமாட்டேன். சீல் ராவ எனக்கும் கை இருக்கிறது. அந்த மூடி இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இறங்குகிறேன். ஊரார் முன் பாவாயியிடம் என் தப்பைச் சொல்லிவிட்டு, இரண்டு மூடி ஊற்றி, அப்புறம்தான் இஞ்சின் கயிற்றை இழுப்பேன்.