பன்னிரண்டு பேர் மேசையில் ஒரு மூன்று மதிப்பெண்

மதியம் 12.40-க்குப் படூரில் பேருந்து ஏறினோம், நானும் என் மனைவி செல்வியும். இரண்டு பெட்டி, ஒரு புளிசாதப் பொட்டலம். கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு என்று மகள் நூறு முறை சொல்லியிருந்தாள். "அவங்க சோறு அவங்களுக்கு, நம்ம சோறு நமக்கு" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டிவிட்டாள் செல்வி. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மகள் வாங்கிக் கொடுத்த பயணம் இது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கரையோரமாகத் தெற்கே போய், இரண்டு இரவு கழித்து அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும்.

நான் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவன். கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் என்று இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத வேகத்தடை கிடையாது. ஆனால் இந்தக் கரையைத் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஆசை ஒன்று இருந்தது.

அடையாறில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். துறைமுகத்துக்கு 350 ரூபாய். பெட்டிகளைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் கேட்டார்: "இன்னா நைனா, பொட்டியெல்லாம் பலமா கீது. எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்லப்பா. கப்பல்ல போறோம், அப்படியே திரும்பி இங்கயே வந்துடுவோம்."

"நடுவுல எங்கயும் எறங்க மாட்டியா?"

"மாட்டோம்."

"அதுக்கு என் ஆட்டோலயே ரெண்டு நாள் சுத்திகினு இருக்கலாம். காத்தும் வரும்."

2.15-க்குப் பயணியர் முனையம். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். கொட்ட மனசில்லாமல் வரிசையில் நின்றபடியே இரண்டு பேரும் புளிசாதத்தைச் சாப்பிட்டு முடித்தோம். முன்னால் நின்றவருக்கும் ஒரு கை கொடுத்தாள் செல்வி. 'பந்திக்கு முந்து' என்பார்கள். நாங்கள் கப்பலுக்கே முந்திவிட்டோம்.

4.30-க்குக் கப்பல் நகர்ந்தது. நகர்ந்ததே தெரியவில்லை, துறைமுகத்துக் கிரேன்கள்தான் பின்னால் போயின. அறை மேசையில் ஓர் அழகான அட்டை கிடந்தது. 'சமையல்காரரின் மேசை. பன்னிரண்டு பேர் மட்டும். ஏழு சுற்று. சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டப்படும். ஒருவருக்கு 3,500 ரூபாய்.' விசாரித்தால் ஒரே ஓர் இடம்தான் பாக்கி என்றார்கள். செல்வியைப் பார்த்தேன்.

"நீங்க போங்க. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அப்படி இன்னா போடறாங்கன்னு பார்த்துட்டு வாங்க. மேல டான்ஸ் வெச்சிருக்காங்களாம், நான் அதைப் பார்க்கறேன்."

மாலை 6.30. ஐந்தாம் தளத்தில் ஒரு கதவுக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் நின்றோம். ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். சமையற்கூடம் என்றால் நம் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எங்கும் எஃகு, எங்கும் வெளிச்சம். எண்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வதில்லை. நடைபாதையில் வலப்பக்கம் போகிறவர்கள், இடப்பக்கம் வருகிறவர்கள். திருப்போரூர் சந்திப்பில் இதைக் கொண்டுவந்தால் நன்றாயிருக்கும்.

கப்பலின் தலைமைச் சமையல்காரர் பெர்னாண்டஸ் எங்களை வரவேற்றார். கோவாக்காரர், பெரிய உடம்பு. தமிழ்ப் பையன்களோடு கடலிலேயே பல வருஷம் வேலை செய்து கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. பக்கத்தில் ஒல்லியாக, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார்.

"இன்னிக்கு மேசை என்னோடது இல்லே. இவன் ஆரோக்கியம். இவன்தான் சமைப்பான், இவன்தான் உங்ககிட்டே பேசுவான். நான் ஓரமா நிப்பேன். கடைசியிலே உங்களுக்கு ஒரு கார்டு வரும். நல்ல மார்க்கு வந்தா நாளையிலேர்ந்து இந்த மேசை இவனுக்கு. வரலேன்னா பழைய எடம், காலையிலே தோசைக் கல்லு."

எல்லோரும் சிரித்தோம். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. அவர் பார்வை என் பக்கத்தில் நின்ற பெண்மேல் பட்டு, ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்றார்.

மேசை ஒரு சின்ன அறையில். வலப்புறம் முழுக்கக் கண்ணாடி. கரை அந்தப் பக்கம். எனக்கு எட்டாம் எண் நாற்காலி. ஏழில் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும், பெயர் ஸ்டெல்லா, செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றார். எதிரே அச்சரப்பாக்கத்தில் கடலை மண்டி வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும். மற்றவர்கள் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்த இளம் ஜோடிகள்.

முதல் சுற்று, பெரிய தட்டின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் காபி தம்ளரில் பாதி அளவுக்கு வேர்க்கடலைச் சாறு. இந்த விருந்தின் வழக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் சமைத்தவர் மேசைக்கு வந்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஆரோக்கியம் சொன்னார்: "எனக்கு ஊரு செய்யூர் பக்கம். எங்க அப்பா அம்மா அடுத்தவங்க நிலத்துல கடலை புடுங்கப் போவாங்க. கூலிக்கு மேல மடியில ஒரு பிடி கடலை வரும். அதை அவிச்சி, அந்தத் தண்ணியையும் கொட்டாம குடிப்போம். இது அந்தத் தண்ணி. கொஞ்சம் இஞ்சி மட்டும் நான் சேத்தது."

மண்டிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "தம்பி, கதையெல்லாம் சரி. இது பச்சைக் கடலை இல்ல. காஞ்சத ஊற வெச்சது."

"ஆமாங்கய்யா. இப்போ சீசன் இல்ல. எட்டு மணி நேரம் ஊறிச்சு."

"ஏழு மணி நேரம் போதும்" என்றார் அவர். ஆனால் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

இரண்டாம் சுற்று இறால். விரல் நீளத்தில் இரண்டே இரண்டு. மறுசோறு கேட்கும் பழக்கத்தில் கையைத் தூக்கப்போன நான் அடக்கிக்கொண்டேன். ஸ்டெல்லாவின் தட்டில் இரண்டும் அப்படியே இருந்தன.

"சாப்பிடலையாம்மா? இறால் ஒத்துக்காதா?"

அவர் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "சமைக்கிறவன் என் தம்பிண்ணா. சத்தமா பேசாதீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு யாரோ மாதிரி ஒக்காந்துகினு கீற?"

"கப்பல் டிக்கெட் அவன்தான் குடுத்தான். இந்த மேசைக்கு நானா பணம் கட்டினேன், அவனுக்குத் தெரியாது. ஒம்போது வருஷமா கப்பல்ல கீறான். தட்டுல இன்னாதான் வெக்கறான்னு ஒருவாட்டி பார்க்கணும்ல? இன்னிக்கு பரீட்சைன்னு யாருக்குத் தெரியும்? அக்கான்னு தெரிஞ்சா ஆள் செட் பண்ணிட்டான்னு அவனைத்தான் சொல்லுவாங்க."

அதற்குமேல் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இறங்கியது. அவ்வளவு ருசி.

7.15. மூன்றாம் சுற்று, கொடுவா மீன். சரியாக அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே, தூரத்தில், ஒரு வெளிச்சம் கண் சிமிட்டியது. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். சாலை வழியாக சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர். அதன் காலடியில் எத்தனையோ முறை பேருந்தை நிறுத்தி, மாணவர்கள் திரும்பி வரக் காத்துக் கிடந்திருக்கிறேன். அது எனக்காகச் சுற்றுகிற விளக்கில்லை, கடலில் இருப்பவனுக்காகச் சுற்றுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மேசையில் பாராட்டு ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஏழெட்டுக் கைப்பேசி நீண்டது. ஆரோக்கியத்தை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஐந்தாம் சுற்றில் மண்டிக்காரரே ருசியில் விழுந்துவிட்டார். "தம்பி, நான் போன கல்யாணத்துல எல்லாம் பந்தியில குறை சொன்னவன். என் சொந்தப் பொண்ணு கல்யாணத்துலயே சாம்பாரைத் திட்டினேன். இன்னிக்கி வாயை அடைச்சிட்ட."

"இந்த மனுசன் யாரையும் இப்படிச் சொன்னதே இல்ல" என்று அவர் மனைவி கன்னத்தில் கை வைத்தார்.

ஒவ்வொரு பாராட்டுக்கும் ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மடியில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஏழாம் சுற்று இனிப்பு முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டியபோது, "போதும், போதும்" என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

8.30-க்குக் கார்டு வந்தது. நாற்காலி எண், பத்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். நான் பத்து போட்டேன். மண்டிக்காரர் ஒன்பது போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கமும் சொன்னார்: "பத்து போட்டா தம்பி நாளைக்கு எதுக்கு எழுந்திரிக்கணும்?" ஸ்டெல்லா கையால் மறைத்து எழுதினார். பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் எண் தெரிந்தது: மூன்று.

"இன்னாம்மா இது?"

"சும்மா இருங்கண்ணா. கொழந்தை அழகா இருந்தா கன்னத்துல கறுப்புப் பொட்டு வெக்கறோமில்ல? பதினோரு பேரும் அள்ளிப் போடுவீங்க. ஒண்ணாவது கறுப்பா இருக்கட்டும். எங்க சர்ச்சு ஃபாதர் கேட்டா திட்டுவாரு. ஆனா கண்ணு வந்து மதம் கேட்டுட்டா படுது?"

'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கார்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பெர்னாண்டஸ் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னால் ஆரோக்கியம்.

"கம்பெனி ரூல், சராசரி ஒம்போதரை வேணும். மொத்தம் நூத்திப் பன்னெண்டு, சராசரி வந்தது ஒம்போது புள்ளி மூணு." கையிலிருந்த கார்டுக் கட்டைப் புரட்டினார். "நெறைய பத்து இருக்கு. ஒரு மூணும் இருக்கு. ஏழாம் நம்பர் மேடம், கோபமா கேக்கலே. எது சரியில்லே? உப்பா? மீனா? சொன்னா இவன் கத்துக்குவான்."

ஒரு மூன்று இவ்வளவு தூரம் இழுக்கும் என்று ஸ்டெல்லா கணக்குப் போட்டிருக்கவில்லை. நானும்தான்.

ஆரோக்கியம் ஓரடி முன்னால் வந்தார். யாரோ ஒரு விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, தலையைக் குனிந்து சொன்னார்: "தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க, மேடம்."

அவ்வளவுதான். ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"டேய், யாரைடா மேடம்ன்ற?"

மற்ற பதினோரு பேரும் திரும்பினோம்.

"சார், நான் இவனோட அக்கா. சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. எல்லாரும் ஓகோ ஓகோன்னு சொல்லிகினே இருந்தாங்க. அதான் திருஷ்டிக்கு ஒரு மூணு. இந்த மேசைக்கு அவன் என்னைக் கூப்புடல. நானாதான் வந்தேன். தண்டனை இன்னான்னாலும் எனக்குக் குடுங்க."

பெர்னாண்டஸ் ஆரோக்கியத்தைப் பார்த்தார். "ஏன் சொல்லலே?"

"வாசல்ல பார்த்தப்பதான் சார் எனக்கே தெரியும். அப்போ அடுப்புல பன்னெண்டு சாறு கொதிச்சிகினு இருந்துச்சு. அதை விட்டுட்டு வந்து சொல்றதா? முடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

பெர்னாண்டஸ் கார்டுக் கட்டிலிருந்து அந்தக் கார்டை உருவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சொந்தக்காரங்க கார்டு செல்லாது. அதுவும் ரூல்தான்." பென்சிலை எடுத்தார்.

"நூத்தி ஒம்போதை பதினொண்ணால வகுக்கணும்" என்றார் மண்டிக்காரர், பென்சில் தாளைத் தொடுவதற்குள். "ஒம்போதே முக்காலுக்கும் மேல. தம்பி பாஸு!"

மறுபடியும் கைதட்டல், படம். ஆரோக்கியம் அக்காவைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் ஸ்டெல்லாவின் முகம் தெளியவில்லை.

"இப்போ கறுப்பே இல்லாமப் போச்சே" என்றார்.

"அதானே!" என்று மண்டிக்காரர் மனைவியும் சேர்ந்துகொண்டார்.

பெர்னாண்டஸ் கேட்டார்: "மார்க்கு கொறைக்காம வேற வழி இருக்கா?"

"உப்பும் காஞ்ச மொளகாயும் சுத்தி நெருப்புல போடணும் சார்" என்றார் ஸ்டெல்லா.

"மொளகா பொகைஞ்சா கப்பல் பூரா சைரன் அடிக்கும். கேப்டன் ஓடி வருவாரு."

"அப்போ உப்பு மட்டும் சுத்தி, கடல்ல..."

"கடல்லே ஒண்ணும் போடக்கூடாது."

கடைசியில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர் போதும் என்று முடிவானது. பெர்னாண்டஸ் தானே உள்ளே போய்க் கல்லுப்பு கொண்டுவந்தார். சமையல்காரர் அல்லவா, அளவு கேட்டார்.

"எத்தனை கிராம்?"

"ஒரு பிடி சார்."

"யார் பிடி? என் பிடியா, உன் பிடியா?"

"என் பிடிதான் சார். நான்தானே தூக்கி வளத்தேன்."

ஆரோக்கியம் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். ஸ்டெல்லா கைப்பிடி உப்போடு மூன்று முறை சுற்றினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கப்பல் கண்ணு, கேமரா கண்ணு, என் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்." உப்பைக் குவளையில் போட்டு மேசை நடுவில் வைத்தார். கைப்பேசிகளெல்லாம் தாமாகவே பைக்குள் போயின. எட்டாம் சுற்று மாதிரி எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கப்பலின் அதிர்வில் தண்ணீர் மெல்ல நடுங்கியது. உப்பு அடியில் கிடந்து, சின்னதாகி, சின்னதாகி, ஒன்றுமில்லாமல் போனது.

"கரைஞ்சிடுச்சு" என்றார் பெர்னாண்டஸ், எல்லோருக்கும் முன்னால்.

நம் வீடுகளில் சாப்பாடு பிரமாதமாக இருந்தால் 'பரவாயில்ல' என்போம். இருபத்தைந்து வருஷத்தில் நான் செல்வியின் குழம்புக்குத் தந்த உச்சபட்ச மதிப்பெண் அதுதான். அது கஞ்சத்தனம் என்று மகள் சண்டை பிடிப்பாள். எனக்கு இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. சொல்லாமல் விட்டது பாதி பயத்தில், பாதி பிரியத்தில். ஆனால் எண்ணால் கூட்டிப் பார்க்கிற இடத்தில் அந்தப் பிரியத்துக்குக் கட்டம் கிடையாது. எழுந்து நின்று வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் நாள் காலை 6.45. கப்பல் துறைமுகத்தைத் தொட்டுவிட்டது, இறங்குவதற்கு முன் நாஸ்தா. தோசைக் கல்லுக்கு முன்னால் நீண்ட வரிசை. கல்லுக்குப் பின்னால், ஆரோக்கியத்தின் பழைய இடத்தில், யாரோ ஒரு புதுப் பையன், மாவை ஊற்றவே தடுமாறிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் ஸ்டெல்லா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வியை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தேன். தட்டில் தோசை ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் கிடந்தது.

"தோசை எப்படிம்மா கீது?" என்று கேட்டாள் செல்வி.

"வாயில வெக்க முடியலக்கா" என்றார் ஸ்டெல்லா. அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சாப்பாட்டைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கடைசி விள்ளல்வரை சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு இறங்கினார்.