தொட்டிக்குள் இருந்த பின்னல்

நாலு பத்துக்கு அந்த முடியை வெட்டினேன். நேரம் தெளிவாக நினைவிருக்கிறது. இரண்டு நிமிடம் முன்னால்தான் மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது: "பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன்பா." ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை.

ஜன்னலோரம் அவள் வளர்க்கும் பீஸ் லில்லிச் செடி வெள்ளைப் பூ விட்டு மாதங்களாயின. அவள் வருவதற்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட நினைத்தேன். கவிழ்த்துத் தட்டியதும் மண்ணும் வேரும் தொட்டியின் வடிவத்திலேயே கழன்று வந்தன. வேரோடு வேராக நீளமான கறுப்பு முடி. தலை வாரும்போது உதிர்வதை உரம் என்று அவள் இந்த மண்ணில்தான் புதைப்பாள்; அது தெரிந்ததுதான். ஆனால் இது மூன்று பிரியாகப் பின்னியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. கத்திரிக்கோலால் வெட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கத்திரிக்கோலை நான் தொடவில்லை.

செடி அப்படியே சாய்ந்தது.

நாலரை ஆகியும் அவள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். பைக்கில் பஸ் ஸ்டாண்டு போனேன். கேட்ட இரண்டு பேரும் இப்போதுதான் வந்தோம் என்றார்கள். கரும்பு ஜூஸ் வண்டியில் ஆளில்லை. பாதி பிழிந்த கரும்பு மிஷினின் உருளைகளுக்கு நடுவே நின்றிருந்தது.

வீடு திரும்பிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலை எழவில்லை.

"செடிக்குத் துணையா நீங்களும் தொங்கிக்கினு கீறீங்களே," என்றாள் மனைவி. "சிநேகிதி வூட்டுக்குப் போயிருப்பா." பிறகு தரையில் கிடந்த பின்னலைப் பார்த்தாள். "வுழுந்த முடிய மண்ல போடாதடின்னு தலபாடா அடிச்சிக்கினேன்," என்றாள். குனிந்து எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். கழுத்தில் கட்டு. இடுப்புவரை தொங்கும் ஜடையைக் காணோம். அவளைத் தாங்கி வந்தவர் ஜூஸ் வண்டிக்கார அம்மா.

"கிளாஸ் வாங்கக் குனிஞ்சா சார், ஜடை மிஷின்ல மாட்டிக்கிச்சு. போனு கீய வுழுந்து செத்துப்போச்சு. பயத்துல இவளுக்கு உங்க நம்பரே வாய்ல வரல. ஆஸ்பத்திரில காட்டிட்டேன், ஒண்ணுமில்லன்னாங்க. தலைக்கு வந்தது ஜடையோட போச்சு."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் வெட்டி வுடலன்னா..."

அந்த அம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நான் வெட்டலம்மா. கத்தி எடுக்கத் திரும்பறதுக்குள்ள அதுவே துண்டாயிடுச்சு. யாரோ வெட்னாப்ல."