சொன்னபடி செய்த வேலாயுதம்

வேலாயுதம் அண்ணன் காலமான செய்தி காலை ஏழேகாலுக்கு என் கைப்பேசிக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருபது பேர் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: “மருந்து ஒழுங்கா எடுக்கலையாம். பாவம்.” தோசை வந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதை எழுதியவர் இதைப் படிப்பார் என்று தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கிள்ளான் நீதிமன்றத்தில் நானும் அவரும் பத்தொன்பது வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். கோர்ட்டில் பலரும் செய்கிற ஒரு வேலையை அவர் செய்யவே மாட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் தலையாட்டினால், “புரிந்தது என்கிறார், துவான்” என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல மாட்டார். ஒரு லோரி டிரைவர் வழக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் விடவில்லை. “நான் சொன்னத நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்றார். டிரைவர் சொன்னார்: “லோரிய நான்தான் ஓட்டுனேனான்னு கேக்குறாங்க. ஆமாண்ணே, நான்தான் ஓட்டுனேன்.” கவனமில்லாமல் ஓட்டி ஒருவருடைய காலை உடைத்ததாகக் குற்றச்சாட்டு. அது அவர் காதில் ஏறவே இல்லை. மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் கிண்டல் செய்தேன். “அண்ணே, இப்படி ஒவ்வொருத்தருக்கும் டியூஷன் எடுத்தா நாம எப்ப வீட்டுக்குப் போறது?” அவர் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே, “தலையாட்டுறது பதில் இல்ல குணா. அது பயம்” என்றார்.

சிகரெட்டை மறைக்கப் போவதில்லை. முப்பது வருடம் புகைத்தார். நுரையீரல் கெட்டுவிட்டது என்று சொன்ன அன்றே நிறுத்தினார். நிறுத்தியும் மூச்சு திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரியில் அழுத்தி இழுக்கும் பம்ப் கொடுத்தார்கள். ஒரு தாதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பம்பை ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகி, அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் அந்த பம்போடு பாசாருக்குப் போனார், கோயிலுக்குப் போனார், என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினார். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, “உன் பொண்ணு கல்யாணத்துல நான் சும்மா உக்காரவா?” என்று என்னையே ஏசினார்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் போன் செய்தார். “பம்ப மாத்திட்டாங்க குணா. எனக்கு இதுவே நல்லா இருக்குன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல.” அப்போது நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. “டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது? குடுத்தத எடுங்கண்ணே” என்றேன். அவர் “சரி” என்று வைத்துவிட்டார். இன்றைக்கு எனக்கு இருக்கும் கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான்.

ஆறு வாரம் கழித்து காப்பாரில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்க வந்தவர் நாற்காலிக்குத் திரும்ப முடியாமல் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடித்ததும் கமலா அண்ணி வெந்நீரும் மருந்துப் பையும் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு விழுங்கினார். பைக்குள் கையளவு பிளாஸ்டிக் கருவி ஒன்று உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“இது என்னண்ணே?”

“தெரியல. மருந்து குடுக்கிற கவுண்டர்ல கேட்டேன். ‘அங்கிள், இக்குட் லேபல்’னு சொல்லிட்டு அடுத்த நம்பரக் கூப்புட்டாங்க.”

லேபலில் உள்ளபடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தேன். மலாயில் கணினி அச்சு: “மாக்கான், ஒரு கேப்சூல், தினம் ஒரு தடவை.” மாக்கான் என்றால் சாப்பிடு. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: விழுங்கக் கூடாது, கருவியில் போட்டு உள்ளிழுக்க மட்டும். நான் அதை உரக்கப் படித்தேன். அண்ணன் என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானும் ஒருமுறை படித்தார்.

“கமலா, ஆறு வாரமா நான் மூச்சத் தின்னுட்டு இருந்திருக்கேன்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நெடுநேரம் ஆனது.

வாழ்நாள் முழுக்க எழுதியதை எழுதியபடி வாசித்த மனிதர் அவர். ஒரு சொல் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். சாப்பிடு என்று அச்சடித்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டார். சந்தேகம் வந்து கேட்டார், லேபல்படி செய் என்றார்கள். இதற்கு மேல் ஒரு நோயாளி என்னதான் செய்ய வேண்டும்? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “எப்படி எடுக்கப்போறீங்க, செஞ்சு காட்டுங்க அங்கிள்” என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நல்ல மருந்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வயிற்றுக்குப் போய் என்ன செய்யும்?

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், நல்ல பெண், வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னோம். உச்சுக்கொட்டிவிட்டு, அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். அண்ணன் கைகளை நீட்டினார். கேப்சூலைக் குழியில் வைக்கப் பார்த்தார், இரண்டு முறை கீழே விழுந்தது. “டாக்டர், எனக்கு அந்தப் பழைய பம்ப் போதும்” என்றார்.

“அங்கிள், இது இன்னும் பெட்டர் லா. ஒரு நாளைக்கு ஒரு தடவ எடுத்தா போதும்.”

“யாருக்கு பெட்டர்? இழுக்கப்போறது நான்தானேம்மா.”

அவள் கணினிப் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்தாள். திரை கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணனுக்கு அடுத்தவர் மேசைக் காகிதத்தைத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும், அது எங்கள் தொழிலோடு வந்த பழக்கம். திரையில் இருந்தது இரண்டு சொல். திடாக் பாத்து. மலாயில் பாத்து என்றால் கீழ்ப்படிதல், திடாக் என்றால் இல்லை. அதாவது சொன்ன மருந்தைச் சொன்னபடி எடுக்காத நோயாளி.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். “டாக்டர், அத அழிங்க. நான் பாத்து. நூத்துக்கு நூறு பாத்து. பாத்ததாலதான் இப்படி வந்து உக்காந்திருக்கேன். நீங்க ஒருத்தரும் பாத்து எழுதல, என்னய திடாக் பாத்துன்னு எழுதுறீங்க.” கோபத்திலும் அந்த மலாய்ச் சொல்லையும் நம் தமிழ்ப் ‘பாத்து’வையும் சேர்த்து விளையாடினார். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கேட்டுவிட்டுப் பழைய பம்பை எழுதிக்கொடுத்தார். அந்த இரண்டு சொல்லை மட்டும், ஒருமுறை பதிவானால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்தைவிட அந்தச் சொல்தான் அண்ணனை வாட்டியது. காரில் வரும்போது, “ஒருத்தன் சொல்லாதத அவன் பேர்ல எழுதுனா கோர்ட்ல என்ன பேரு குணா?” என்று கேட்டார். பொய்ச் சாட்சி என்றேன்.

பம்ப் திரும்பி வந்து மூன்று வாரம்தான் இருந்தார். சளி நெஞ்சில் இறங்கியது, போய்விட்டார். ஆறு வாரம் மருந்து போகாததால்தான் போனார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியாது. போகும்போது அவருடைய பதிவில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன, அது தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கமலா அண்ணி என்னை அழைத்தார். இருவரும் ஆஸ்பத்திரியின் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நோயாளி இறந்துவிட்டார், பதிவை மூடியாகிவிட்டது என்றாள். நான் வழக்கம்போல முன்னால் போய் என் கோர்ட்டு மலாயை ஆரம்பித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நாற்பது வருடக் குடித்தனத்தில் எந்த அலுவலகத்திலும் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மலாய் பேச வீட்டில்தான் ஆள் இருந்தாரே. கவுண்டர் கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“சுவாமி சாயா பாத்து. துலிஸ்.”

என் கணவர் சொன்னபடி கேட்டவர். எழுது.

அந்தப் பெண் எழுதவில்லை. ஒரு புகார்ப் படிவத்தை நீட்டினாள். அண்ணி அதை வாங்கி, நின்ற இடத்திலேயே அந்த ஒரே வரியைத் தமிழ் எழுத்தில் மலாயாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தரும்வரை நகரவில்லை.

குழுவில் எல்லோரும் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் அவர் சாந்தமாகப் போகவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் அன்றைக்குப் பட்ட கோபம் ஒன்றைத்தான். அந்தச் சொல் அழியும்வரை அது ஆறவும் கூடாது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். நான் காரை ஓட்டுவேன், அவ்வளவுதான். பேசப்போவது அண்ணி.